முனகும் குழல்

வெர்னா ஹாக்கெட் தன் வீட்டுக் கார் கொட்டகையில் லேத் வைத்து, ரைஃபிள்களுக்குக் குழல் கடைந்து மாட்டியவள். மொன்டானாவில் எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். வெண்டல் செத்த பிறகு வேலியை ஒட்டிய வீட்டுக்காரனான என்னைத் தவிர யாரும் அந்தக் கொட்டகையில் கால் வைக்கவில்லை.

வெண்டல், மெர்ல் ஸ்ட்ராடின் பண்ணையில் கூலியாள். எல்க் மானைச் சுடும்போது துப்பாக்கிக் குழலே அவன் முகத்தருகே பிளந்து வெடித்தது. "வெர்னா மாட்டின குழல்" என்றார் மெர்ல். "கடவுள் சித்தம்" என்றார் பாதிரியார். பெரிய பண்ணைக்காரர் யாரைக் கைகாட்டினாலும் இங்கே கடவுள் மறுத்துப் பேசுவதில்லை.

நவம்பரில் ஒருநாள் நான் கொட்டகையில் இருந்தபோது, வெண்டலின் மனைவி ஐரீன் அந்தத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"கதவைத் தொறந்தா முனகுது, வெர்னா. அவன் குரல் மாதிரியே. பிள்ளைங்க அலறுதுங்க. அறுத்துப் போடு."

"ஊருக்கு நான் கொலைகாரி. என்கிட்டயா வந்தே?"

"கொன்ன கையே முடிச்சு வைக்கட்டும்னு வந்தேன்."

அப்போது காற்று உள்ளே புகுந்தது. துப்பாக்கி முனகியது. இடையில் மூச்சு வாங்குவதுபோல் நின்று, மறுபடி முனகியது.

"பேயுமில்ல, ஆவியுமில்ல. விரிசல்ல காத்துப் போகுது, அவ்ளோதான்" என்றேன். என் பிடரி மயிர் மட்டும் அதை நம்பவில்லை.

"அப்ப நீ வந்து பிடிச்சுக்கோ, தைரியசாலி" என்றாள் வெர்னா. அவள் உதடு வெளுத்திருந்தது. தப்பு தன் கையுடையதா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

குழலைக் கழற்றி நீளவாக்கில் அறுத்தாள். பிளந்த உட்சுவரின் நடுவே வளையமாக ஒரு புடைப்பு. அதில் குண்டின் மேலுறைச் செம்பு அப்பியிருந்தது. விரிசல் அங்கேதான் தொடங்கியிருந்தது.

"என் வேலை கோணலா இருந்தா இப்படி வளையம் விழாது. ஒரு குண்டு இங்க சிக்கி நின்னிருக்கு. வெடிமருந்து போடாத தோட்டா; அடியில இருக்கற பொட்டு மட்டும் 'டப்'புன்னு வெடிச்சுக் குண்டைப் பாதி வழி தள்ளியிருக்கும். மான் ஓடுற அவசரத்துல அடுத்ததைச் சுட்டிருக்கான், அது இதுல மோதிக் குழலைப் பிளந்திருக்கு. மிச்சத் தோட்டா இருக்கா?"

வெண்டலின் கோட்டைத்தான் ஐரீன் போட்டிருந்தாள். அதன் பையிலிருந்து மிச்சத் தோட்டாக்களை எடுத்து வைத்தாள். மெர்ல் தன் வீட்டில் மருந்து அடைத்துப் பரிசாகக் கொடுத்தவை. அடுத்தவன் அடைத்த தோட்டாவைச் சுடக் கூடாது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி நீட்டினால் எந்தக் கூலியாள் வேண்டாமென்பான்?

வெர்னா ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே மணல் சரிவதுபோல் மருந்து சரசரத்தது. ஒன்றில் மட்டும் சத்தமே இல்லை. அதை ஐரீனிடம் கொடுத்தாள். ஐரீன் அதைக் காதோடு சேர்த்து வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்த முனகலே தேவலை என்று தோன்றியது எனக்கு.

ஞாயிறு, ஆராதனை முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஐரீன் அந்தத் தோட்டாவை மெர்லின் முன்னால் வைத்தாள்.

"நீங்க அடைச்சதுதான். காதுல வெச்சு ஆட்டிப் பாருங்க."

"இங்க எதுக்கும்மா இதெல்லாம்?"

"ஆட்டுங்க, மெர்ல்."

மெர்லின் கைகள் மேசைக்கு அடியிலேயே இருந்தன.

கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த வெர்னா கேட்டாள்: "நான் வேணா ஆட்டிக் காட்டவா?"