திரைக்கு அந்தப் பக்கம் போன மச்சான்

மச்சானுக்கு அப்போது இருபது வயது. பேச்சில் எழுபது. அவர் என் மாமியின் மூத்த மகன். மாமி என் வாப்பாவின் ராத்தா, மூத்த சகோதரி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. அதில் மாமி வந்துபோவதற்கென்றே ஒரு இடைவெளி விட்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழக்கிலங்கையில், எங்கள் ஊரான சாய்ந்தமருதில், அந்த வருடங்களில் பிள்ளைகள் மார்க்கம் சொல்லிப் பெற்றோரைக் கண்டிக்கும் காலம் தொடங்கியிருந்தது. பக்கத்து வீடுகளில் வாப்பாமார் மகன்மாருக்குப் பயந்து ஒளித்து நின்று பீடி குடித்தார்கள். மச்சானின் வாப்பா மட்டும் பயப்படவில்லை. மீன்பிடித்துக் கடலால் வந்த கையோடு முகம் கழுவி, வீடியோ டெக்கில் படம் போட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிவிடுவார்.

"வாப்பா, இது ஷைத்தான்ட பெட்டி" என்று மச்சான் வாசலில் நின்று சொல்வார்.

"அப்ப ஷைத்தானுக்கிட்டச் சொல்லு மகன், சத்தத்தக் கொஞ்சம் கூட்டச் சொல்லி."

மச்சானுக்குப் பிடிக்காத பொருட்களுக்கு முடிவே இல்லை. ஜீன்ஸ், பிறந்தநாள் கேக், பெண்பிள்ளைகள் ஓடும் சைக்கிள். ஷாம்பூவைக்கூட ஒருநாள் சந்தேகமாகப் பார்த்தார். வோட்டுப் போடுவது வெள்ளைக்காரன் பழக்கிவிட்ட வேலை என்பார். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தரச் சோதனைக்கு, ஏஎல்லுக்கு, அவர் எடுத்திருந்த பாடம் அரசறிவியல். விகிதாசாரத் தேர்தல் முறையின் நன்மைகளை மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். பெண்பிள்ளைகள் உயர்தரத்துக்கு முந்திய சாதாரணதரம் வரைக்கும் படித்தால் காணும் என்பதும் அவருடைய தீர்மானம். அவருக்கு நாலு கூட்டாளிமார் இருந்தார்கள். அவர் வாயைத் திறக்கும் முன்னரே தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் தடவை சோதனை சரிவராததால் மச்சான் என்னுடைய டியூஷன் வகுப்பில் வந்து சேர்ந்தார். மெயின் ரோட்டில் ஒரு கடைக்குப் பின்னால் ஓலைக் கொட்டில், உட்காரப் பத்துப் பதினைந்து வாங்குகள், ஒரு கரும்பலகை. படிப்பிக்கும் சேர் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். யுத்தத்தால் ரோட்டில் பிரச்சினை என்றால் வரமாட்டார். அதனால் வந்த நாட்களில் ரயில் போலப் பாடம் நடத்துவார்.

மச்சான் வந்த இரண்டாம் கிழமை எழுந்து நின்றார்.

"சேர், ஆம்புளயளும் பொம்புளயளும் ஒண்டா இரிந்து படிக்கிறது எங்கட மார்க்கத்துக்குச் சரியில்ல. நடுவுல ஒரு திர போடோணும்."

நாலு தலைகள் ஆடின. சேர் சோக்குக் கட்டியை விரல்களுக்கிடையில் உருட்டினார்.

"தம்பி, எனக்குத் திரையிலயும் ஆட்சேபனை இல்ல, சுவரிலயும் ஆட்சேபனை இல்ல. இந்தப் பாடத்தை முடிக்க விட்டாக் காணும்."

அடுத்த வகுப்புக்குப் போனால் திரை தொங்குகிறது. கூட்டாளிகளில் ஒருவனின் வீட்டில், மருதமுனையில், தறி இருந்தது. கட்டில் விரிப்புக்கு நெய்த துணி, சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக. திரைக்கு முன்னால் ஆண்கள், கரும்பலகையோடு. திரைக்குப் பின்னால் நாங்கள், பட்டைகளோடு. அன்றைக்குப் பாடம் அதிகாரப் பிரிவாக்கம். சேர் எழுதும் சத்தம் மட்டும் எங்களுக்கு வந்தது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து திரையை விலக்கிக்கொண்டு நின்றேன்.

"மச்சான், ஒரு கேள்வி."

வகுப்பில் வைத்து 'மச்சான்' என்று கூப்பிட்டதற்கே பெடியன்கள் சிரித்தார்கள். அவர் திரும்பாமல், "கேளு" என்றார்.

"குர்ஆன்ல பார்வையத் தாழ்த்தச் சொல்லி முதல்ல ஆருக்குச் சொல்லியிரிக்கி? ஆம்புளைக்கா, பொம்புளைக்கா?"

வேறு யாராவது என்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பான். மச்சானுக்குப் பொய் வராது. சின்னதில் மாமியின் மாங்காய் ஊறுகாயைக் களவாக எடுத்துத் தின்றால், கேட்கும் முன்னரே போய்ச் சொல்லிவிட்டு அடியும் வாங்கிக்கொண்டு வருவார். பார்வையை நிலத்துக்குத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"முதல்ல ஆம்புளைக்கித்தான்."

"அப்ப ஆரு திரைக்குப் புறத்தால இரிக்கோணும்?"

ஒரு கூட்டாளி அவருடைய ஜுப்பாவைப் பிடித்து இழுத்தான். "டேய், இரிடா, பேசாம இரி." மச்சான் கையை உதறிவிட்டு, கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு பின்னுக்கு நடந்தார். தலைவர் போனால் மற்றவர்கள் என்ன செய்வது? நாலு பேரும் முறைத்துக்கொண்டே பின்னால் போனார்கள். மற்றப் பெடியன்களும் வேறு வழியில்லாமல் எழும்பினார்கள். நாங்கள் முன்வாங்குகளில் வந்து உட்கார்ந்தோம்.

"முடிஞ்சுதா?" என்றார் சேர். "சரி, நிர்வாகத்துறை."

அதன்பிறகு அந்த வகுப்பில் படித்ததைவிடச் சிரித்தது அதிகம். சேர் வரைபடம் கீறினால் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "சேர், அம்புக்குறி எந்தப் பக்கம் போகுது?" "இடமிருந்து வலம்." "அது எங்கட இடமா, ஒங்கட இடமா சேர்?" இடதுசாரி, வலதுசாரிக் கட்சிகளைப் பற்றிப் படித்த அன்று மச்சானே அக்கறையாகக் கேட்டார்: "சேர், இதுல நாங்க எந்தப் பக்கம்?"

"நீங்கள் திரைக்குப் பின்பக்கம் தம்பி."

சிரித்துச் சிரித்து என் பக்கத்தில் இருந்தவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

திரைக்குப் பின்னால் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். முதலில் மற்றப் பெடியன்கள் கல்முனையில் வேறொரு வகுப்புக்கு மாறினார்கள். அங்கே திரை இல்லை, பெண்பிள்ளைகள் அதிகம். பிறகு நாலு கூட்டாளிமாரும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லி அங்கேயே போய்விட்டார்கள். கடைசியில் மச்சான் மட்டும் மிஞ்சினார். வெற்று வாங்குகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து, காதால் மட்டும் அரசறிவியல் படித்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று கோபமும் வந்தது. ஒருநாள் என் கொப்பியைத் திரைக்குக் கீழால் தள்ளிவிட்டேன். அடுத்த வகுப்பில் அது திரும்பி வந்தது. என் எழுத்துப் பிழைகளையெல்லாம் சிவப்புப் பேனையால் திருத்தியிருந்தார்.

சோதனை முடிவு வந்தது. எனக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்தது. மச்சான் பாஸ், ஆனால் புள்ளிகள் கம்பஸுக்குக் காணாது. அன்று பின்னேரமே வேலி இடைவெளியால் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வாப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, புள்ளயக் கம்பஸுக்கு அனுப்பாதீங்க."

"ஏன் மகன்?"

"அங்க திர ஒண்டும் இல்லயே மாமா."

"அப்ப ஒண்டக் கொண்டுபோகச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வாப்பா தேத்தண்ணியை முடித்தார்.

ஒரு கிழமை கழித்து மாமி கலியாணம் பேச வந்தார், மச்சானையும் கூட்டிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் மச்சானின் வாப்பாவான என் மாமாவும் வேண்டாவெறுப்பாக வந்தார். பாதிப் படத்தில் எழுப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக்கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து இறங்குவார். மாமி எங்கள் பின்வளவைச் சுற்றிப் பார்த்து, சமைக்கிற குசினி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை ஏற்கனவே முடிவு செய்திருந்தார்.

"கம்பஸ் எல்லாம் என்னத்துக்கு? ஊட்டக் கட்டத் தொடங்குங்க. ரெண்டு புள்ளயளும் நம்மட கண்ணுக்கு முன்னால இரிக்கட்டும்."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்னர் மச்சான் பேசினார்.

"உம்மா, ஊடு வாங்கிற கதை எண்டா எனக்கிக் கலியாணமே வேணாம். சீதனம் ஹராம்."

மாமி அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஊடு இல்லாம ஆரடா கலியாணம் முடிக்கிற? ஒனக்கென்ன விசரா?"

"நான் அண்டைக்கே சொன்னன்" என்றார் மாமா சந்தோஷமாக. "இவன்ட மார்க்கப் பற்று ஒருநாளைக்கி நம்மட வயித்துல அடிக்கும் எண்டு."

மச்சான் என் பக்கம் திரும்பினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான்.

"போகத்தான் போறியா புள்ள?"

"ஓம்."

"அப்ப நான் கட்ட மாட்டன்."

"நான் கேக்கவே இல்லயே மச்சான்."

என் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர்கள் போன பிறகு கிணற்றடியில் முகம் கழுவினேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. என்ன இருந்தாலும், எனக்கு மறுமொழி சொல்ல அவ்வளவு ஆசையைத் தூண்டிய ஆள் ஊரில் வேறு யாரும் இருக்கவில்லை.

நான் கம்பஸில் இருக்கும்போது மச்சான் நிந்தவூரில் கலியாணம் முடித்தார். வீடும் வேண்டாம், காசும் வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னதும் பெண் வீட்டார் பயந்துவிட்டார்களாம். மாப்பிள்ளைக்கு ஏதோ வெளியில் சொல்ல முடியாத வருத்தம் இருக்கிறது என்று நினைத்து, கல்முனை ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்களைப் பிடித்து விசாரித்திருக்கிறார்கள். மாமி கலியாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அழுதார். சீதனத்துக்கு எதிராக மச்சானோடு சேர்ந்து ஊரெல்லாம் கதைத்துத் திரிந்த நாலு கூட்டாளிமாருக்கும் ஆளுக்கொரு கல்வீடு கிடைத்தது. ஒருவனுக்கு மோட்டார் சைக்கிளும். சீதனம் இல்லை, 'ஹதியா', அன்பளிப்பு என்றார்கள்.

ஒரு விடுமுறையில் வந்தபோது மச்சானைப் பார்க்கப் போனேன். வயல் பக்கமாக ஒரு துண்டுக் காணி. ஓரத்தில் ஓலைக்குடில்; அதில்தான் அவர்கள் இருந்தார்கள். நடுவில் இடுப்பளவு எழும்பிய சுவர். மச்சான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கல் வைத்துக்கொண்டிருந்தார். தாடியில் சீமெந்து. கடலுக்குப் போகாத நாட்களில் மாமாவும் வந்து மண் குழைத்துக் கொடுப்பாராம்.

"என்ன புள்ள, கம்பஸ் எப்படி?"

"திர இல்லாமத்தான் படிக்கிறம் மச்சான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம். பிறகு, ஒரு கல்லை வைத்துத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒன்ட அரசறிவியல் நோட்ஸ் இரிக்கா?"

"ஆருக்கு?"

"இவவுக்கு" என்று குடிலைக் காட்டினார். "ஏஎல் எடுக்கோணும் எண்டு நிக்கிறா. பாவம், நல்ல மூள."

"சாதாரணதரத்தோட காணும் எண்டீங்களே?"

"அது பொதுவாச் சொன்னது."

"பாஸ் பண்ணினா கம்பஸுக்கு அனுப்புவீங்களா?"

"இல்ல. சோதினய மட்டும் எடுக்கட்டும்."

குடிலுக்குள்ளிருந்து, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரல் வந்தது. "நான் பாஸ் பண்ணுவன் ராத்தா. புறகு நாம ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான் போவம்."

மச்சான் குடிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த வாளிய இங்கால தா புள்ள" என்றார்.