முப்பதைத் தாண்டாத ரத்தம்

துப்பாக்கிக் குண்டு என்றால் ஊரில் எல்லோருக்கும் நெருப்பும் சத்தமும்தான் ஞாபகத்துக்கு வரும். இருபத்தாறு வருடம் குண்டு செய்த ஈயக்காரர் ஒரு தடவைகூட அது வெடித்துக் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கிற ஈயம்தான். தொழிற்சாலையில் பித்தளைக் கூடு செய்கிறவர்கள் வடக்குக் கட்டடம், மேலே போர்த்துகிற செம்பு உறைக்காரர்கள் அதற்கு அடுத்தது. மருந்து அடைக்கிறவர்களோ மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், பொறி கிளம்பிவிடாமல் நாடா வைத்த துணிச் செருப்போடு பூனை நடை நடப்பவர்கள். இவருடைய இடம் உலைக்கூடம். கட்டி கட்டியாக வரும் ஈயத்தை உருக்க வேண்டும். வெறும் ஈயம் நகம் பட்டாலே குழிவிழும் என்பதால் அதில் ஆன்டிமனி என்ற உலோகம் கொஞ்சம் சேர்த்து முறுக்கேற்ற வேண்டும். பிறகு கம்பியாக இழுத்து, துண்டு போட்டு, அடுத்த கட்டடத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அவர் உத்தியோகம்.

ஆளுக்கு என்று ஒரு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டில் இருந்தது. மற்றபடி வாயில் காவலாளி முதல் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஈயக்காரர்தான்.

உலைக்கூடத்து ஆட்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு எண் வரும். முப்பதைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மனிதர்கள் விசித்திரமானவர்கள், அந்த எண்ணையும் பரீட்சை மார்க் மாதிரி ஆக்கி, சாப்பாட்டு மேசையில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். தொழிற்சாலை தினமும் அரை லிட்டர் பால் கொடுக்கும். பால் குடித்தால் ஈயம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை. அப்படியெல்லாம் ஒன்றும் போகாது என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சும்மா வருகிற பாலை எவன் விடுவான்?

ஈயக்காரரின் எண் இருபத்து மூன்று, இருபத்தாறு, இருபத்தொன்பது என்று படியேறிக்கொண்டிருந்தது. முப்பது தாண்டினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், 'ஓய்வில் அனுப்புவது' என்று அதற்கு மரியாதையான பெயர். எண் இறங்கினால் திரும்ப வரலாம் என்று தாளில் எழுதியிருக்கும். போனவன் திரும்பி வந்து பார்க்கும்போது அவன் இடத்தில் வேறொருவன் நின்றுகொண்டிருப்பான். மதில் சுவருக்குள்ளேயே இருக்கிற குடியிருப்பை ஒரே மாதத்தில் காலி செய்துவிட வேண்டும். முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் இருபது மாதம் பாக்கி. உள்ளே இருந்தால் ஈயம் தின்கிறது, வெளியே போனால் நிற்க நிழல் இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பது போலத்தான் அவர் அந்த வருடத்தைக் கழித்தார். எரிந்து எரிந்து விழுந்தார். விழ வேண்டிய இடம் வீடுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீடு என்பது இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னல் இல்லாத ஒரு குளியலறை. வாசலறையில் அவர் மனைவியின் தையல் மெஷின். குடியிருப்பில் பாதிப் பேருடைய உடுப்பு அவள் கை பட்டதுதான். சமீப காலமாக அவள் கையும் சரியில்லை. ஊசியில் நூல் கோக்க நாலு தடவை முயல்வாள், கத்தரிக்கோலை நழுவவிடுவாள், எடுத்த அளவை மறந்துவிட்டு ஆளை மறுபடி கூப்பிடுவாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். "வயசாகுதில்ல," என்று சொல்லிவிட்டு ஈயக்காரர் தன் எண்ணைப் பற்றிய கவலைக்குத் திரும்பிவிடுவார்.

பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மருந்தகத்துக் கம்பவுண்டர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"அண்ணே, இந்தத் தடவை நீங்க தேறமாட்டீங்க. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

"என்னை என்ன பண்ணச் சொல்றே? ரத்தத்தை மாத்தவா முடியும்?"

"மாத்தலாம்." கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தினார். "குழாய்ல உங்க பேரை ஒட்டுறது நான். உள்ள யாரு ரத்தம்னு அது வாய் திறந்து சொல்லுமா? அண்ணி இருக்காங்கல்ல. தையல் மெஷினை விட்டு எந்திரிக்காதவங்க. ஈயத்தைக் கண்ணால பாத்திருப்பாங்களா?"

அந்தக் கேள்விக்கு யாராவது ஒருவர் நின்று பதில் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஈயம் உலைக்கூடத்துக்குள் இருக்கிறது, மிஞ்சினால் உலைக்கூடத்துக்காரன் உடம்புக்குள் இருக்கிறது. அதைத் தாண்டி அதற்குப் போக இடமில்லை என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவியிடம் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆனது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களோட குடும்பம் நடத்தினதுல இது ஒண்ணுதான் பாக்கி இருந்தது."

"இந்தா, சும்மா பேசாதே. வீடு போயிடும். புரியுதா?"

"புரியுது, புரியுது. எடுத்துக்கச் சொல்லுங்க. இருக்கிறது எல்லாம் உங்களுக்குத்தானே." பரிசோதனை அன்று காலையில் கம்பவுண்டர் வந்து ஊசி ஏற்றும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: "தம்பி, நான் பாஸ் பண்ணிடுவேனா?"

"அண்ணி, நீங்க மூணோ நாலோதான் வருவீங்க. ரொம்பக் குறைஞ்சிடப் போகுதேன்னுதான் எனக்குப் பயம்," என்றார் கம்பவுண்டர். மூவரும் சிரித்தார்கள். ஈயக்காரர் அந்த வீட்டில் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

பத்தாவது நாள் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். புதிதாக வந்த பெண், மேசையில் காகிதத்தைக் கோணாமல் வைக்கிற ரகம். ஈயக்காரர் கொஞ்சம் மிதப்பாகவே போய் உட்கார்ந்தார்.

"முப்பத்தாறு," என்றார் டாக்டர்.

"எது மேடம்?"

"உங்க ரத்தத்துல ஈயம். போன தடவை இருபத்தொன்பது இருந்தது."

கம்பவுண்டர் குழாயை மாற்ற மறந்துவிட்டார் என்றுதான் முதலில் அவருக்குத் தோன்றியது. ஆனால் தன் கையில் அந்த வாரம் ஊசியே ஏறவில்லை. இந்த ஊரிலேயே அந்தக் குழாய்க்கு ரத்தம் கொடுத்த ஆள் ஒருத்திதான்.

டாக்டர் கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்தார். "வயிறு சுருட்டிப் பிடிக்குதா?"

அவள் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடப்பது ஞாபகம் வந்தது. "ஆமா."

"கையில பிடிமானம் குறையுதா? சாமான் நழுவுதா?"

"கத்தரிக்கோல்," என்றார் ஈயக்காரர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "மறதி?"

"இருக்கு."

"உலைக்கூடத்து உடுப்பை எங்க துவைக்கறீங்க?"

சட்டப்படி அந்த உடுப்பு தொழிற்சாலைக் கட்டடத்தைத் தாண்டிக் குடியிருப்புக்கு வரக்கூடாது. தொழிற்சாலையிலேயே சலவைக்கூடம் இருந்தது. அதன் பெரிய மெஷின் நான்கு வருடத்துக்கு முன் படுத்துவிட்டது. 'உதிரிபாகம் வரவேண்டியுள்ளது' என்ற அட்டை இன்னும் அதன் கழுத்தில் தொங்குகிறது. எல்லோரும் உடுப்பைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவர் வீட்டில் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள், தூசி சமையலறைக்கு வரக்கூடாதாம். அப்படியே நனைத்தால் சாம்பல் நிறத்தில் சேறாகிவிடும் என்பதால் முதலில் சட்டையை நன்றாக உதறுவாள். ஜன்னல் இல்லாத அந்தப் பொந்தில் நான்கு வருடமாக நாள் தவறாமல் உதறியிருக்கிறாள். வெளியே வரும்போது இருமுவாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "உள்ள என்ன இவ்வளவு நேரம்?" என்று அதட்டியவர் இவர்தான்.

"வீட்டுலதான்," என்றார்.

"தப்பு. இனிமே கொண்டு போகாதீங்க." டாக்டர் படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். குரல் கொஞ்சம் இளகியது. "பயப்படாதீங்க. ஈயம் இருக்கிற இடத்தை விட்டு விலகியிருந்தாலே மெல்ல இறங்கிடும். பேசாம வீட்டுல இருங்க."

ஈயக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிப்பு இல்லை என்று டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தால் வேலைதான் போகும். அதுவும் மரியாதையாகப் போகும், குறைந்த ஓய்வூதியமாவது மிஞ்சும். உண்மையைச் சொன்னால் மோசடி என்று அதுவும் இல்லை, கம்பவுண்டர் தலையும் சேர்ந்து உருளும். ஆனால் சொல்லாவிட்டால் முப்பத்தாறு என்ற அந்த எண் இவர் பெயரிலேயே கிடந்துவிடும். மருந்துச் சீட்டு இவர் பெயரில் வரும், அடுத்த பரிசோதனையும் இவருக்குத்தான் நடக்கும். ரத்தம் கொடுத்தவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, வயசாகிவிட்டது என்று நினைத்தபடி நூல் கோத்துக்கொண்டிருப்பாள். அவருக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

"மேடம், அதுல பேரு தப்பு."

"எது? இது உங்க பேர்தானே?"

"பேரு என்னோடதுதான். ரத்தம் என்னோடது இல்ல. என் சம்சாரத்தோடது."

டாக்டர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க சொல்றதை நான் எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். எனக்கு வேற ஊசி போட்டு எடுத்துக்குங்க, என்ன வேணா எழுதிக்குங்க. முதல்ல அவ பேரை எழுதுங்க."

"அவங்க பேரு?"

முப்பது வருடமாக 'இந்தா' என்றே கூப்பிட்டுப் பழகிய மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டருக்குப் பிழையில்லாமல் விழ வேண்டுமே என்று, மனைவியின் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.