அளக்காமல் சொன்ன பதினாறடி

எழுபதுகளில் பாலிடெக்னிக் முடித்த கையோடு, ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு கல்குவாரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பெயர்தான் பெத்த பெயர். கல் எடுத்து முடிந்துபோன குவாரி அது. குழியை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லாரிகள் உடைகல்லும் கழிவு மண்ணுமாகக் கொட்டின. நான் இஸ்திரி போட்ட பேன்ட்டில் தூசி படாமல் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தேன்.

குழி மூடியதே தவிர ஊற்றுகள் அடியில் அப்படியே இருந்தன. குவாரி நடந்த காலத்தில் ஆயில் என்ஜின் ஓயாமல் இறைத்ததால் தண்ணீர் அடங்கிக் கிடந்தது. இனி அது கொட்டிய கல்லின் இடுக்குகளில் மெல்ல ஏறும். அதைக் கண்காணிக்க, நிரப்பும்போதே ஓர் இரும்புக் குழாயை அடிவரை நட்டிருந்தோம். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் டப்பாவைக் கட்டி உள்ளே விட்டு, தொப்பென்று சத்தம் கேட்டதும் முடிச்சுகளை எண்ண வேண்டும். தண்ணீர் தரைமட்டத்திலிருந்து பத்தடி ஆழம்வரை ஏறிவிட்டால், குழியின் மூலையில் மூடாமல் விட்டுவைத்த கிணற்றில் என்ஜினைப் போட்டு ஓடைக்கு இறைத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை அளப்பது என் வேலை.

குவாரி மேட்டுக்குக் கீழே ஒரு புருசன் பெண்டாட்டியின் பன்னீர் திராட்சைத் தோட்டம். அண்ணன், அக்கா என்றுதான் அவர்களைக் கூப்பிடுவேன். அவர்களுக்கு இருந்த நிலமே அவ்வளவுதான். கொடி முதல் காய்ப்புக்கு நின்றது. திராட்சைக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அதனால் அண்ணன் என்னைக் கண்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

"தம்பி, தண்ணி எங்கன நிக்குது?"

"பதினாறடிண்ணே."

முதல் சில வாரங்கள் அது உண்மை. பிறகு, களையெடுக்கப் போகும் பெண்கள் நான் குழாய்க்குள் கயிறு விடுவதைப் பார்த்துவிட்டார்கள். "என்ன சார், மீனு ஏதும் மாட்டுச்சா?" என்று ஒருத்தி கேட்க, வரப்பே சிரித்தது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னது. எனக்கோ மானம் போய்விட்டது. படித்தவன் டப்பாவைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பதா? அதோடு குழாய்ப் பக்கம் போவதை விட்டேன். நோட்டில் பதினாறு, பதினாறரை, மறுபடி பதினாறு என்று எழுதினேன். அந்த அரையடியைச் சேர்த்த சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. மழை விட்ட ஒரு காலையில் அக்கா பந்தலுக்குள்ளிருந்து வந்து புருசனிடம் சொன்னார்: "இந்தாருங்க, கால வச்சா மண்ணு சதசதங்குது. மழத் தண்ணியாத் தெரியல, அடியில இருந்து வருது."

"படிச்ச தம்பி அளந்து சொல்லுறாக. ஒன் காலு அவுகளுக்கு மேல கண்டுருச்சாக்கும்?" என்றார் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதாவது ஓடிப் போய்க் கயிற்றை விட்டிருக்கலாம். அண்ணனோடு சேர்ந்து சிரித்தேன்.

இரண்டு வாரத்தில் இலைகள் மஞ்சளடித்து உதிரத் தொடங்கின. ஆளில்லாத நேரம் பார்த்துக் கயிற்றை விட்டேன். மூன்றாவது முடிச்சிலேயே தொப்பென்றது. உடனே என்ஜினைப் போட்டு, ஒரு வாரம் இறைத்தேன். யார் கேட்டாலும் என்ஜினைச் சரிபார்ப்பதாகச் சொன்னேன். தண்ணீர் இறங்கியது. கொடி பிழைக்கவில்லை. இழுத்த கொடி வேரோடு கையில் வந்தது. வேர் கறுத்து நாறியது.

அன்று அண்ணன் அழவில்லை. பெண்டாட்டியிடம் திரும்பினார்.

"குவாரித் தண்ணி பதினாறடியிலதான் கெடக்குன்னு தம்பி வாரந்தவறாமச் சொன்னாக. அப்ப நீதான தண்ணி பாச்சிட்டு மடைய அடைக்காம விட்டுருக்கணும்?"

அக்கா அந்த வேரைக் கையில் வாங்கிப் பார்த்தார். தன் காலடியில் தெரிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்படித்தான் இருக்கும். மழைக்கு முந்துன வாரம் தோட்டத்து மோட்டார நிப்பாட்ட லேட்டாயிருச்சு போல" என்றவர், என்னைப் பார்த்து, "நீங்க இம்புட்டுத் தூரம் அளந்து சொல்லியும் நாந்தான் சூதானமா இல்லாமப் போயிட்டேன், தம்பி" என்றார்.

அண்ணன் என் முகத்தையே பார்த்தார்.

"பரவாயில்லக்கா" என்றேன்.