மாம்பழ வாசத்தில் ஆவி பிடித்த அத்தான்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் இருக்கும் என் அக்கா போன மாதம் ஒரு காலை ரெலிபோன் எடுத்தாள். குரலில் ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை.

"உன்ர அத்தானுக்கு சைனஸ் சுகமாப் போச்சு, தெரியுமே? ஆவி பிடிக்க ஒரு மெஷின் வாங்கினவர். உள்ளங்கைக்குள்ள அடங்கும். நல்ல மாம்பழ வாசம்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

ஆவி பிடிப்பது என்றால் என்ன? கொதிதண்ணீர்ச் சட்டி, தலைக்கு மேல் போர்வை, ரெண்டு சொட்டு யூக்கலிப்டஸ் தைலம், உள்ளே வியர்த்து வழிகிற ஒரு மனிதர். இதற்குள் மாம்பழம் எங்கேயிருந்து வந்தது?

"எங்க நிண்டு பிடிக்கிறவர், அக்கா?"

"கராஜுக்குள்ள. வீட்டுக்குள்ள பிடிச்சா ஸ்மோக் அலாரம் கத்துமாம். ஈரம் கூடவாம்."

சரிதான்... எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கு விளங்கவில்லை. பாவம், அவளுக்கு ஏன் விளங்கப் போகிறது? அத்தான் சிகரெட்டை விட்டுவிட்டார் என்று ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள்.

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணம் கட்டி வரும்போதே சேட்டுப் பொக்கெற்றுக்குள் சிகரெட் பெட்டியோடு வந்தவர். போன பனிக்காலம் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போய், இருதயக் குழாய்க்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் வைத்துக்கொண்டு திரும்பினார். இனி ஒரு சிகரெட் தொட்டாலும் என்னிடம் வராதே என்று டொக்ரர் சொல்லிவிட்டார். அக்கா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். அத்தான் விட்டார். அக்கா தேங்காய் உடைத்தாள். கோயிலில் அத்தானை மற்ற ஆம்பிளைகளுக்கு உதாரணம் காட்டினார்கள். மனிதர் கொஞ்சக் காலம் கழுத்தில் மாலை போட்டவர் மாதிரித்தான் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று போனேன். அக்கா குசினிக்குள். நான் நேரே கராஜ் கதவைத் திறந்தேன்.

உள்ளே பனிமூட்டம் மாதிரி ஒரே புகார். நடுவில் அத்தான், பனி தள்ளுகிற சவளுக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு.

"அத்தான், சைனஸ் எப்பிடி?"

மனிதர் திடுக்கிட்டு இருமினார். இருமி முடிந்ததும் சொன்ன முதல் வசனம் இதுதான்: "உதைக் கொக்காட்டச் சொல்லிப் போடாதையும்." கொக்கா என்றால் உன் அக்கா.

"வேப்தானே? பட்டரிச் சிகரெட்."

"சிகரெட் இல்லை. வெறும் நீராவி."

"நீராவியெண்டால் கேத்திலுக்கு முன்னால நிக்கலாமே. உதுக்கு ஏன் காசு?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்தது உற்சாகம். அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பிஸ்கட் ரின்னை எடுத்தார். மூடியைத் திறந்ததும் லிச்சி, வத்தகப்பழம், புளூபெரி என்று ஒரு பழக்கடையே எழும்பி வந்தது. வீட்டில் தோசைக்கல் எது, ரொட்டிக்கல் எது என்று தெரியாத மனிதர் எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார்.

"இது டிஸ்போசபிள். பட்டரி, தண்ணி எல்லாம் உள்ளுக்குள்ளயே. முடிஞ்சால் எறியிறதுதான். இது பொட். உந்தச் சின்னக் கூட்டை மட்டும் மாத்தலாம். இது..." என்று கையிலிருந்த தடித்த பெட்டியைத் தடவினார். "இது ராங்க். நாங்களே தண்ணி விடலாம், சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம், பட்டரியைக் கழட்டலாம். இதுதான் பெரிய ஆக்கள் பாவிக்கிறது."

"முடிஞ்சதை எறியிறதெண்டால், ஏன் எல்லாம் ரின்னுக்குள்ள கிடக்குது?"

"குப்பையில போட்டால் கொக்கா காணுவா."

கடையில் தன்னிடம் வயசுக்கு ஐடி கேட்டார்கள் என்பதை வேறு பெருமையாகச் சொன்னார். வாசலால் வருகிற எல்லாரிடமும் கேட்பார்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த வயதில் ஒரு மனிதருக்குக் கிடைக்கிற சந்தோஷங்களே கொஞ்சம்.

பிறகு, "மாத்துப் பட்டரி பாரும்" என்று காற்சட்டைப் பொக்கெற்றுக்குள் கையை விட்டார். பட்டரி வந்தது. கூடவே வீட்டுச் சாவி, சில்லறைக் காசு, கார்த் திறப்பு.

ரின்னின் அடியில் மடிப்புக் குலையாமல் ஒரு தாள் கிடந்தது. மெஷினோடு வந்த தாள். குடியுரிமைச் சோதனைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் எந்த இங்கிலிஷ் தாளையும் முழுதாக வாசிப்பதில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தேன். கழற்றிய பட்டரியைச் சாவி, காசோடு வைக்காதே, இரும்பு முட்டினால் சூடாகி வெடிக்கலாம். வேறு சார்ஜர் பாவிக்காதே. தண்ணியில் நிக்கொட்டின் உண்டு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வை, விழுங்கினால் விஷம். ராங்குக்குள் எந்த எண்ணெயும் விடாதே, நுரையீரலுக்குக் கேடு.

அத்தான் மெதுவாகச் சாவியை ஒரு பக்கமும் பட்டரியை மற்றப் பக்கமும் வைத்தார். ஆனாலும் வாய் குறையவில்லை.

"எண்ணெய் ஆர் விடுவினம்? இதென்ன மிளகாய் பொரிக்கிற தாச்சியே?"

சொல்லிவிட்டுத் திரும்பவும் இருமினார். நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற இருமல். எனக்குப் பிடிக்கவில்லை.

"எத்தினை நாளா உந்த இருமல்?"

"நாலைஞ்சு நாள். இந்தப் புதுப் போத்தில் பழுது. மாம்பழத்துக்குள்ள என்னவோ மருந்து மணக்குது. கடைக்காரனோட கதைக்கோணும்."

அப்போதுதான் குசினிப் பக்கக் கதவு திறந்தது. அத்தான் ரின்னைக் காலால் தள்ளினார். அக்கா வந்தாள். இடுப்பில் பேத்தி, மகளின் பிள்ளை, மூன்று வயது. மூக்கு ஒழுகிச் சிவந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, உந்த ஆவி மெஷினை ஒருக்காத் தாங்கோ. பிள்ளைக்கு மூக்கடைச்சு மூச்சு விடேலாமல் கிடக்குது. ரெண்டு இழுவை இழுக்கட்டும்."

மாம்பழ வாசத்துக்குப் பிள்ளை கையை நீட்டியது. அத்தான் மெஷினைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"என்னப்பா, பிள்ளைக்குக் கூடக் குடுக்க மனமில்லையோ? பயப்பிடாதேங்கோ, நான் தைலமும் விட்டுத்தான் வைச்சிருக்கிறன்."

"என்ன தைலம்?"

"யூக்கலிப்டஸ்தான். வெறும் மாம்பழம் சளியை என்ன செய்யும்? நீங்கள் குளிக்கப் போகேக்க மூடியைத் துறந்து மூண்டு சொட்டு விடுறனான். நாலைஞ்சு நாளா விடுறன். சொன்னால் வேண்டாமெண்டுவியள்."

என் கையில் அந்தத் தாள் இருந்தது. நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் நினைத்திருந்தால் இன்னொரு பொய்யோடு தப்பியிருக்கலாம். சார்ஜ் இல்லை என்றிருக்கலாம். உடைந்துவிட்டது என்றிருக்கலாம். நானும் சேர்ந்து தலையாட்டியிருப்பேனோ என்னவோ... ஆனால் நாளைக்கு? அவர் குளிக்கிற நேரம் அக்கா பிள்ளையின் வாயில் அதை வைக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்?

அத்தான் கையைக் கீழே இறக்கினார்.

"சாந்தி, நீர் கோவிக்காதையும். உது ஆவி மெஷின் இல்லை. சிகரெட்டில இருக்கிற அதே நிக்கொட்டின்தான் உதுக்குள்ளயும். பிள்ளையின்ர கிட்டவும் கொண்டு போகக் கூடாது. நான்... நான் இன்னும் முழுசா விடேல்லை."

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கோயில், தேங்காய், மானம் மரியாதை எல்லாம் வரிசையாக வரும் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையை என்னிடம் தந்தாள். அந்தத் தாளை வாங்கினாள். எண்ணெய் என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"அப்ப உந்த இருமல் என்னாலயோ?"

அவ்வளவுதான் கேட்டாள். முகத்தில் இரத்தமே இல்லை. அத்தானுக்கு அது ஏச்சை விடக் கூடச் சுட்டிருக்க வேண்டும்.

"வெளிக்கிடுங்கோ, ஆஸ்பத்திரிக்கு."

வீட்டுச் செருப்போடு காரை எடுத்தாள். நான் பிள்ளையோடு பின் சீற்றில். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அக்கா திரும்பி அத்தானின் நெஞ்சைப் பார்த்தாள்.

அவசரச் சிகிச்சை வாசலில் நெடுநேரம் காத்திருந்தோம். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்ரர் ஒரு இளம் பிள்ளை. மெஷினையும் தைலப் போத்திலையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் இதற்குள் எண்ணெய் விட்டது என்று கேட்டாள்.

அக்கா வாயைத் திறக்க முதல் அத்தான் முந்திவிட்டார். "நான்தான். சளிக்கு நல்லதெண்டு விட்டனான்."

அன்றைக்கு நான் கேட்டதில் உருப்படியான ஒரே பொய்.

டொக்ரர் அவரை ஒரு பிடி பிடித்தாள். சூடாக்கி இழுத்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதைச் சமாளிக்க நுரையீரலுக்குத் தெரியாதாம். படம் சுத்தமாக இருப்பது அதிர்ஷ்டமாம், ஆனாலும் இருமல் நிற்காவிட்டால் உடனே திரும்பி வர வேண்டுமாம். இது நீராவியே இல்லையாம். சிகரெட்டை அடியோடு விட்டு இதற்கு மாறினால் கேடு குறைவுதான், கேடே இல்லை என்று நினைக்கக் கூடாதாம். இருதயத்தில் ஸ்பிரிங் வைத்தவர் ஒளித்து ஒளித்து இழுக்காமல் குடும்ப டொக்ரரிடம் போய், சிகரெட் ஆசையை அடக்கத் தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் பிளாஸ்டர் கேட்க வேண்டுமாம்.

யோசித்துப் பார்க்கிறேன்... இதில் யாருடைய பிழை கூட? பொக்கெற்றுக்குள் கிடந்த பட்டரியை விட, ராங்குக்குள் விட்ட தைலத்தை விட, "ஆவி" என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தச் சாமானுக்கும் ஒரு மருந்துப் பெயர் வைத்துவிட்டால் எங்கள் வீடுகளில் அதற்கு விசா கிடைத்துவிடும். அலுமாரிக்குள் பிராண்டிப் போத்திலை "தடிமன் சளிக்கு" என்று வைத்திருக்கிற ஆட்கள்தானே நாங்கள்? அத்தான் அதை "வேப்" என்றே சொல்லியிருந்தால் அக்கா தைலப் போத்திலை எடுத்திருக்க மாட்டாள். விளக்குமாற்றைத்தான் எடுத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் ரின்னை எங்கே எறிவது என்று அடுத்த பிரச்சினை. நீலப் பெட்டிக்கும் ஆகாது, பச்சைப் பெட்டிக்கும் ஆகாது, கறுப்புப் பைக்கும் ஆகாது. உள்ளே பட்டரி, மிச்ச விஷம். தேயிலைச் சக்கைக்கும் தயிர்க் கோப்பைக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிற இந்த நாட்டில் அத்தானின் பாவத்துக்கு மட்டும் ஒரு பெட்டி இல்லை. கடைசியில் ஆபத்தான கழிவுகள் எடுக்கிற இடத்துக்கு அக்காவே காரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தானையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். அவரையும் எடுப்பார்களோ என்று அங்கே நின்றவர்களிடம் கேட்டாளாம்.

மூன்று நாள் அக்கா அத்தானோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் காலை அவரே பிளாஸ்டர் பெட்டியை அவளிடம் நீட்டினார். அவள்தான் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து காலையில் ஒட்டுவது அவளுடைய வேலை. இருமலும் நின்றுவிட்டது.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நானும் கூடப் போனேன். எங்கள் கோயிலில் ஆம்பிளைகள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அத்தான் கழற்றினார். மேல்கையில் பிளாஸ்டர் பளிச்சென்று தெரிந்தது. அவரை உதாரணம் காட்டிய கூட்டத்தில் ஒரு அன்ரி உடனே பிடித்துவிட்டா.

"சாந்தி, உதென்ன உவருக்குக் கையில?"

அத்தான் கற்பூரத் தட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஃப்ளூ ஊசி போட்டவர்" என்றாள் அக்கா, கண் வெட்டாமல்.

"ஊசிக்கு இவ்வளவு பெரிய பிளாஸ்டரோ?"

"அவருக்கு ஊசிப் பயம். பெரிசா ஒட்டச் சொன்னவர்."

அன்ரி அங்கால் போனா. அக்கா கையைக் கூப்பினாள். "பிள்ளையாரே, தேங்காயைக் கொஞ்சம் முந்தி உடைச்சுப் போட்டன், பொறுத்துக்கொள்ளும்" என்று முணுமுணுத்தது எனக்கும் கேட்டது, அத்தானுக்கும் கேட்டது.

அத்தான் குனிந்து மூக்கை உறிஞ்சினார். என்னவென்று கேட்டேன்... சைனஸாம்.