அம்மாவின் உம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவும் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மலையாளப் பள்ளிக்கூடம். எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து, மாலையில் சாயாக்கடைப் பத்திரிகையை வாங்கி வந்து அம்மாவுக்கு வாசிப்பேன். கண் மலையாளத்தைப் பார்க்கும், வாய் தமிழில் சொல்லும். மத்தி நறுக்கிக்கொண்டே அம்மா வரிக்கு வரி "உம்" கொட்டுவாள். அது வராமல் எனக்கு அடுத்த வரி ஓடாது.

அம்மா எண்ணெய் மில்லில் கொப்பரை அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே பல வருஷம் வேலை பார்த்தவள். நான் கல்லூரியில் சேர்ந்த சமயம், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவளாக ஆகியிருந்தாள். ஆனால் வாசிக்கும்போது "உம்" தவறவில்லை. அதை நம்பியே சும்மா இருந்துவிட்டேன். ஒருநாள் பஜாரில் கைவண்டிக்காரன் கத்தியது கேளாமல் முழங்காலில் அடிபட்டு வந்தாள். மறுவாரம் போட்டில் ஏறி எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

காது பரிசோதிப்பவள் சின்னப் பெண். அம்மாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். "அம்மே, சத்தம் கேட்டால் விரல் பொக்கணும், கேட்டோ?" நான் விரலைத் தூக்கிக் காட்டினேன். அம்மா தலையாட்டினாள்.

அம்மாவின் விரல் எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. காது கேட்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தப் பெண் அம்மாவையே பார்த்தாள். பிறகு சத்தம் அனுப்பும் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே விரல் மறுபடி எழுந்தது.

"இப்போ ஞான் சத்தமே கொடுக்குன்னில்ல," என்றாள் என்னிடம், மெதுவாக.

நான் உள்ளே போய் ஹெட்போனைக் கழற்றி, முகத்துக்கு நேராக, "கேக்காமலா விரலத் தூக்குன?" என்று கத்தினேன்.

"பின்னே? அந்தப் புள்ள அங்க இருந்து என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கு. ஒரு உம் கூடக் கொட்டலேன்னா அதுக்குச் சங்கடமா இருக்காதாடா?"

நான் அதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள். அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து, வாயை நன்றாக அசைத்து, "கேட்டால் மாத்ரம்," என்றாள். இரண்டாம் முறை அம்மாவின் கை பெரும்பாலும் மடியிலேயே கிடந்தது. நரம்பு கெட்டுவிட்டது, கருவி வைத்தாலும் கொஞ்சம்தான் கேட்கும் என்றாள் அந்தப் பெண்.

திரும்பும்போது போட்டில் அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வாசித்ததில் எந்தச் செய்தியைக் கடைசியாகக் கேட்டிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அன்று மாலையும் பத்திரிகையை விரித்து முதல் வரியை வாசித்தேன். சத்தமில்லை. நிமிர்ந்தேன். கையில் மீனோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம் கொட்டும்மா," என்று சைகை காட்டினேன்.

"அந்தப் புள்ளகிட்ட ஒத்துக்கிட்டு வந்துட்டேன்ல. கேட்டாத்தான்."

நகர்ந்து அவள் காதருகே உட்கார்ந்து, அதே வரியைத் தொண்டை கிழிய வாசித்தேன். அடுத்த வீட்டுச் சேச்சி சன்னலில் தலையை நீட்டி, "எந்தாடா, எங்களுக்கும் சேத்தா வாயிக்கிறே?" என்றாள்.

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தபடி இருந்தேன்.