நான் கூப்பிடாதபோதும் அவள் பதில் சொன்னாள்

மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அதாவது 1924-இல், வந்த பெருவெள்ளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது வடிந்து மூன்று வருஷம் கழித்து, ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் இங்கிலீஷ் வாத்தியாராகப் போயிருந்தேன். வயது இருபத்திரண்டு. தலைக்கனம் அந்த வயதுக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு இருந்தது.

என் சொந்த ஊர் முதலமடைப் பக்கம். வறண்ட பூமி, வெட்டவெளி. அங்கே ஒருவன் கூப்பிட்டால் அவன் எந்த வரப்பில் நிற்கிறான் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மலையோ வேறு மாதிரி. மதியம் தாண்டினால் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வரும். அங்கே பனிமூட்டத்துக்கு அதுதான் பெயர். வந்துவிட்டால் நீட்டிய கை தெரியாது.

பள்ளிக்கூடம் என்பது காய் உலர்த்தும் கூடத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. எதிரே கொஞ்சம் வெட்டவெளி, அதைச் சுற்றி ஏலக்காடு. கிழக்கே ஒரு நூறு தப்படி போனால் பாறை முடிந்துவிடும். அதற்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்குதான். மேகம் இல்லாத காலையில் அங்கிருந்து பார்த்தால் வயல்கள் சீட்டுக்கட்டு அளவுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பக்கம் போனாலே காலில் கூச்சம் எடுக்கும்.

பிள்ளைகள் பதினொரு பேர். பத்து வயதிலிருந்து பதின்மூன்று வரை. எல்லாருடைய தாய் தகப்பனும் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காய் பறிக்க மலையேறி வந்தவர்கள். பதினொரு பேருக்கும் சேர்த்து இரண்டே புத்தகம். அதனால் விளையாட்டாகவே இங்கிலீஷைப் புகட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். ‘டச் தி டோர்’ என்றால் ஓடிப்போய்க் கதவைத் தொட வேண்டும். ‘சிட் டவுன்’ என்றால் நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார வேண்டும். கடைசியாக உட்கார்ந்தவர் அவுட். நடுவில் நான் தமிழில் ஏதாவது சொல்லி ஏமாற்றுவேன். தமிழுக்கு அசைந்தாலும் அவுட். கொட்டகையே குலுங்கும். என்னைப்போல் ஒரு வாத்தியார் இந்த மலைக்கு வந்ததில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதே விளையாட்டை வெளியே கொண்டுபோனபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. பிள்ளைகள் செடிகளுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். நான் ‘வேர் ஆர் யூ?’ என்று கேட்டால் ‘ஐ ஆம் ஹியர்’ என்று பதில் வர வேண்டும். நான் ‘கம் ஹியர்’ என்றதும் ஓடிவந்து என்னைத் தொட வேண்டும். சுலபம்தானே? கேட்டேன். சத்தமே இல்லை. காடு அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை கேட்டதும் பதினொரு குரலும் ஒரே சமயத்தில் கிளம்பின. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நாளும் அப்படியே. கொட்டகைக்குள் பட்டுப்பட்டென்று பதில் சொல்லும் அதே பிள்ளைகள், காட்டுக்குள் போனதும் முதல் கேள்விக்கு ஊமையாகிவிடுவார்கள்.

திமிர் என்று நினைத்தேன். முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லி, முதலில் வந்து தொடுகிறவருக்கு ஒரு சிவப்புப் பென்சில் என்று அறிவித்தேன். அதற்கு மயங்கியவள் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி. இரண்டே நாளில் அவள் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பழகினார்கள்.

மூன்றாம் நாள் அவள் அம்மா, இடுப்பில் காய்க் கூடையோடு, கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“வாத்தியாரய்யா, காட்டுக்குள்ள மொதச் சத்தத்துக்கு வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வளத்துருக்கோம். மொதச் சத்தத்துக்கு உக்காரணும், ரெண்டாவதுக்குக் காது குடுக்கணும், மூணாவதுக்குத்தான் பதில். ஒத்தச் சத்தம் மனுசன் போடுறது இல்லைய்யா. அத மாத்திப் போடாதீக.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா, நீ போய் வேலையப் பாரு” என்றேன். அவள் போனதும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

நாலைந்து நாள் கழித்து, மதியம் மூன்று மணி இருக்கும், வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது மஞ்சு ஏறிவிட்டது. பிள்ளைகள் உள்ளே ஓடப் பார்த்தார்கள். நான் விடவில்லை. இன்றைக்கு ஒளியவே வேண்டாம், மஞ்சே ஒளித்துவிடும், காதை வைத்துக்கொண்டு என்னைக் கண்டுபிடியுங்கள் என்றேன். ஆளுக்கு இருபது தப்படி தள்ளிப் போகச் சொல்லிவிட்டு நடுவில் நின்றேன்.

‘வேர் ஆர் யூ?’ பதினொரு ‘ஐ ஆம் ஹியர்’ வந்தது. ‘கம் ஹியர்’ என்றேன். சருகு மிதிபடும் சத்தம் நெருங்கியது. ஈரக் கைகள் ஒவ்வொன்றாக என் வேட்டியைத் தொட்டன. தலையைத் தடவி எண்ணினேன். பத்து. அந்தப் பெண்ணைக் காணோம்.

மறுபடி கேட்டேன். ‘ஐ ஆம் ஹியர்’ என்றாள். கொஞ்சம் தள்ளி. ‘கம் ஹியர்’ என்று கத்தினேன். மறுபடி ‘ஐ ஆம் ஹியர்.’ இன்னும் தள்ளி. வருகிறவள் குரல் எப்படித் தூரமாகும் என்று யோசித்தேன். அப்போதுதான் அது கிழக்கிலிருந்து வருகிறது என்பது எனக்கு உறைத்தது. என் குரல் கிழக்கே ஏதோ பாறையில் பட்டுத் திரும்பி அவளை அந்தப் பக்கம் இழுக்கிறது என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டேன். தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

அந்த அமைதிக்குள் அவள் மறுபடி ‘ஐ ஆம் ஹியர்’ என்றாள்.

யாரும் ‘வேர் ஆர் யூ’ என்று கேட்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை. கொஞ்சம் விட்டு, சந்தோஷமாக, ஓடுகிறவளுக்கு இரைப்பது போல இன்னொரு ‘ஐ ஆம் ஹியர்.’ யாரோ அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவளும் பதில் சொல்லிக்கொண்டே போனாள். என் வேட்டியைப் பிடித்திருந்த ஒரு பொடியன், “சார், நீங்க பேசாமத்தான இருக்கீக?” என்று மெதுவாகக் கேட்டான்.

பக்கத்துப் பாத்தியில் காய் எடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். கூடையைப் போட்டுவிட்டு வந்தாள். அழவில்லை, ஓடவில்லை. நின்று, மகள் பெயரை ஒரு தடவை நீளமாகக் கூப்பிட்டாள். மூச்சு விட்டு இரண்டாம் தடவை. பிறகு மூன்றாம் தடவை. பதில் இல்லை. எப்படி வரும்? தமிழுக்கு அசைந்தால் அவுட் என்று சொல்லி வைத்தவன் நான்தானே. பெற்றவள் குரலையே என் ஏமாற்று வேலை என்று அவள் நினைத்திருப்பாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். மஞ்சில் முகம் சரியாகத் தெரியவில்லை. “ஒங்க பாசையில உக்காரச் சொல்லுங்க” என்றாள்.

‘சிட் டவுன்!’ என்று கத்தினேன். தொண்டை கிழிய மூன்று தடவை கத்தினேன். அதற்கப்புறம் கிழக்கே ஒரு சத்தமும் இல்லை. அந்தத் தாய் தரையில் குந்தி, கையால் பாறையைத் துழாவிக்கொண்டே மஞ்சுக்குள் போனாள். நான் போயிருக்க வேண்டும். பத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு வரக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றேன். உண்மையைச் சொன்னால், பயம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருவரும் கைகோத்துத் திரும்பி வந்தார்கள். பாறை விளிம்புக்கு ஒரு முழம் இப்பால், கால்களை மடக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாளாம். அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. பென்சில் தனக்குத்தானா என்று என்னைக் கேட்டாள். அம்மா அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிள்ளைகளும் சேர்ந்து அழுதார்கள். நானும்தான்.

அழுகை ஓய்ந்ததும், ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று கேட்டேன்.

“நீங்கதான சார் அங்கிட்டு நின்னுக்கிட்டு வேர் ஆர் யூ, கம் ஹியர்னு சொல்லிக்கிட்டே இருந்தீக. பக்கத்துல வந்துட்டேன். தொடுறதுக்குள்ள பின்னால ஆரோ சிட் டவுன்னு கத்துனாக. அது ஒங்க கொரல் மாதிரியே இல்ல. ரொம்பப் பயந்த கொரலு.”

அந்த மலையில் அப்போது இங்கிலீஷில் கூப்பிடத் தெரிந்த பெரிய ஆள் நான் ஒருவன்தான். கடைசி இரண்டு தடவையும் நான் கூப்பிடவில்லை என்பதற்குப் பத்துப் பிள்ளைகள் சாட்சி. பாறை எதிரொலித்திருக்கும், முன்பு கேட்டது அவள் காதிலேயே தங்கியிருக்கும் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தைக் கொண்டு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ராத்திரி விளக்கை அணைக்க மட்டும் கை வரவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வர மாட்டாள் என்றே நினைத்தேன். அம்மாவே கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “வெளாட்ட நிறுத்தாதீக, எங்க மொறையில வெளாடச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து முதல் ‘வேர் ஆர் யூ’வுக்கு உட்கார வேண்டும், இரண்டாவதுக்குக் காது கொடுக்க வேண்டும், மூன்றாவதுக்குத்தான் ‘ஐ ஆம் ஹியர்.’ அவசரப்பட்டவர் அவுட். அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் வெளியே வைத்து ஒரு பிள்ளையை இங்கிலீஷில் கூப்பிட, பதினொரு பேரும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்கள். மந்தமான பிள்ளைகள் என்று எழுதிவிட்டுப் போனார். நான் மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்கள் மாறிவிட்டேன். பேயா, எதிரொலியா என்று என்னிடம் கேட்டால் இன்றும் பதில் தெரியாது. ஆனால் வகுப்பில் ஒரு புது விளையாட்டை ஆரம்பிக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் தயங்கி நிற்கிறேன். ஏனென்றால் அன்றைக்கு அந்த விளிம்பில் நின்று அவளைக் கூப்பிட்டது எதுவாக இருந்தாலும், நான் சொல்லிக்கொடுக்காத ஒரு வார்த்தையைக்கூட அது சொல்லவில்லை.