வெள்ளத்துக்காகத் திறந்த வழி

1. சைட் விழுந்த காலை

“சேர், சைட் வேல செய்யுதில்ல. ஓடர் ஒண்டும் வருதில்ல” என்று அக்குறணையிலிருந்து ஹாஜியார் போன் எடுத்தார். மிளகு, ஏலம், கறுவாவை இணையத்திலும் விற்பவர். அவருடைய சைட் ஓடுவது மாத வாடகைக்கு எடுத்த வி.பி.எஸ். ஒன்றில். அதாவது, எங்கோ ஒரு பெரிய கணினியில் நமக்கென்று ஒதுக்கிய பங்கு. அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. ஓய்வுபெறும்வரை நான் செய்த வேலையும் இதுதான். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

வாடகைக்குத் தந்த நிறுவனமே அந்தச் சேர்வரை நிறுத்தியிருந்தது. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மின்னஞ்சல்கள் போயிருந்தன. யார் எப்போது நுழைந்தார்கள் என்று பதிவாகும் லொக் பைலைத் திறந்தேன். யாரோ பல நாட்களாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் செல்வராணியின் கணக்கில் நுழைந்திருந்தான்.

செல்வராணி கம்பளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். விலைப் பட்டியலையும் படங்களையும் சேர்வரில் ஏற்றுவது அவர்தான். யாருடைய கணக்கு என்பதை மட்டும் ஹாஜியாரிடம் சொன்னேன்.

“பாத்தீங்களா! அந்தப் புள்ளட பாஸ்வேர்ட்லதானே பூந்தீக்கி. ஆருக்கோ குடுத்தீப்பா” என்றார் ஹாஜியார்.

“பார்த்துச் சொல்லுறன் ஹாஜியார்” என்றேன்.

ஆனால் நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

2. நான் செய்தது

அக்குறணையில் கடை வைத்தவர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. சைட் விழுவதற்கு முந்திய மாதம் தண்ணீர் ஏறி, செல்வராணியின் கணினி நனைந்தது. சேர்வருக்குள் போகும் கீ, சாவி போன்ற ஒரு கோப்பு, அதில்தான் இருந்தது. அவர் வீட்டிலிருந்து இரவல் லேப்டொப்பில் வேலை செய்ய வேண்டும். புதிய கீ செய்யும் விதத்தைப் போனில் சொல்லிக்கொடுக்க அரை மணித்தியாலம் போதும். எனக்கு அலுப்பு. பாஸ்வேர்டால் நுழையும் வழியைத் திறந்தேன். கடைப் பெயரோடு மூன்று இலக்கங்களைச் சேர்த்து, பாஸ்வேர்டையும் நானே வைத்தேன். “ரெண்டு நாளைக்குத்தான் பிள்ளை, பிறகு பூட்டிவிடுறன்” என்றேன்.

வெள்ளம் வடிந்தது. நான் பூட்டவில்லை.

3. மூன்று நாள்

புதிய சேர்வரை அன்று மாலையே எழுப்பினேன். கீ இருந்தால் மட்டும் நுழைவு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு நேரடி வழி இல்லை, ஃபயர்வோல் காவலில் தேவையான போர்ட் வாசல்கள் மட்டும், பெக்கப் பிரதி வேறோர் இடத்தில். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வாயை மட்டும் திறக்கவில்லை. ஹாஜியார் கடையில் எல்லோர் முன்னாலும் செல்வராணியை விசாரித்து, நாளை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று நாள் இருந்தேன். இந்த வயதில் பிழை விட்டவன் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

நான்காம் நாள் பஸ் ஏறிப் போய் ஹாஜியாரிடம் சொன்னேன்.

“தெரிஞ்சிட்டே இருந்தீங்களா சேர்?”

“ஓம்.”

“அப்ப நீங்களே அவவோட பேசுங்க” என்று போனை என் பக்கம் தள்ளினார்.

நடந்ததைச் சொல்லி, திரும்ப வேலைக்கு வரும்படி கேட்டேன். செல்வராணி முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார். அழவில்லை, ஏசவுமில்லை. “நான் வர்றேங்க சேர். ஆனா என்னைய அஞ்சு பேரு முன்னாடி நிக்க வச்சுக் கேட்டாங்க. நீங்களும் அந்த அஞ்சு பேரு முன்னாடியே சொல்லிருங்க.”

மறுநாள் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். நிறுக்கிறவர், பொதி கட்டுகிற மூவர், ஹாஜியார்: அதே ஐந்து பேர். செல்வராணியும் நின்றார். “சேர்வரைத் திறந்து விட்டது நான். பாஸ்வேர்டை வைத்ததும் நான். இவவில பிழை இல்லை.” பொதி கட்டும் ஒருவர், “அப்ப நாங்க அவவ சும்மா ஏசினமே” என்றார். எனக்கு ஏச்சு விழுந்திருந்தால் இதைவிடச் சுகமாக இருந்திருக்கும்.

4. அலுமாரிக் கதவில்

சேர்வர் பராமரிக்கும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: அவசரத்துக்கு ஒரு வழியைத் திறக்க நேரும். திறக்கும்போதே மூடும் நாளையும் திறந்தவர் பெயரையும் எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள். பிழை நடந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.

ஹாஜியாரின் கடை அலுமாரிக் கதவில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. கோடு போட்டவர் செல்வராணி. முதல் வரியில் அந்த வெள்ள நாள் இருக்கிறது. ‘திறந்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறார். ‘மூடிய நாள்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். தாள் பழசாகி இரண்டு முறை மாற்றினார்கள். இரண்டு முறையும் அந்த முதல் வரியை அவர் அப்படியே பார்த்து எழுதினார்.